சூடம் அணையிற வரைக்கும்

சின்னச்சாமி: காலை எடு மாப்ள.

சுருளி: எடுத்தா நின்னுரும் மேஸ்திரி.

சின்னச்சாமி: நிக்கட்டும். எப்படி நிக்குதுன்னு பார்க்கத்தான பானட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறேன். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடு.

சுருளி: எடுத்துட்டேன்...

சின்னச்சாமி: ம்... ரெண்டு இருமல். ஒரு விக்கல். செத்துப்போச்சு.

விருமாண்டி: யோவ், செத்துப்போச்சு கித்துப்போச்சுன்னு சொல்லாதய்யா! நின்னுபோச்சுன்னு சொல்லு.

சின்னச்சாமி: இஞ்சினைத்தான சொன்னேன் சேர்மன்.

விருமாண்டி: இஞ்சினா இருந்தாலும் இன்னைக்கு அந்த வார்த்தை வேணாம்.

சின்னச்சாமி: சரி, வேணாம். நீங்க ஏன் வெயில்ல நிக்கிறீங்க? பட்டறைக்குள்ள ஸ்டூல் கெடக்கு, உட்காருங்க.

விருமாண்டி: நின்றே பழகியவன் நான். இருபதாண்டுப் பொதுவாழ்வு. யூனியன் சேர்மன் நாற்காலி என்னைத் தேடி வந்ததே தவிர, நாற்காலியைத் தேடி நான்...

சின்னச்சாமி: கால் ஆடுதே.

விருமாண்டி: எந்தக் கால்?

சின்னச்சாமி: ரெண்டும்தான்.

விருமாண்டி: அது... இஞ்சின் ஓடுற அதிர்வு.

சின்னச்சாமி: இஞ்சின்தான் நின்னுபோச்சே.

சுருளி: மேஸ்திரி, மணி பன்னெண்டரை. அஞ்சு மணிக்குள்ள முடியுமா, முடியாதா? அதை மட்டும் சொல்லுங்க.

சின்னச்சாமி: நோவு என்னன்னே இன்னும் தெரியல, அதுக்குள்ள மணி கேக்குறான். ஓடும்போது எப்படி?

சுருளி: ஓடும்போது குதிரை. மிதிச்சுக்கிட்டே இருந்தா சோழவந்தானுக்கு ஒரே மூச்சுல போகும். மெதுவாக்கி, நியூட்ரல்ல போட்டோம்னா... உடனே நின்னுரும்.

சின்னச்சாமி: அப்ப நிறுத்தாம மிதிச்சுக்கிட்டே போ.

சுருளி: நிறுத்தியே ஆகணும் மேஸ்திரி. இன்னைக்கு ஒரு இடத்துல...

விருமாண்டி: சுருளி! டிரைவருக்கு வாய் எதுக்கு? ஸ்டியரிங்கை மட்டும் பிடி.

சின்னச்சாமி: பிளக்கு?

சுருளி: போன வாரந்தான் புதுசு.

சின்னச்சாமி: பாயிண்ட்டு?

சுருளி: தேச்சுத் துடைச்சேன். பம்பும் நல்லாத்தான் இருக்கு. மிதிச்சா பெட்ரோல் வருதே.

சின்னச்சாமி: பாதி மெக்கானிக்கா இருக்க. இந்தா, ஈரத்துணி. இஞ்சினைப் போட்டு லேசா மிதி. கார்பரேட்டர் இடுக்குல சுத்திப் பார்க்கிறேன்.

விருமாண்டி: ஈரத்துணி எதுக்கு?

சின்னச்சாமி: காத்து உள்ள நுழையுதான்னு பார்க்க.

விருமாண்டி: எந்தக் காத்து?

சின்னச்சாமி: எந்தக் காத்துன்னா? நீங்களும் நானும் மூச்சு விடுற காத்துதான்.

விருமாண்டி: இல்ல, சும்மா கேட்டேன். விஞ்ஞான ஆர்வம்.

சின்னச்சாமி: துணியைச் சுத்தியும் மூச்சு மாறல. அப்ப காத்து இல்ல. காலை எடுக்காத மாப்ள, அப்படியே நூல் மாதிரி பிடிச்சுக்க. இப்ப இந்த ஸ்க்ரூவைத் திருகுறேன்... உள்ள போக... வெளிய வர... என்ன கேக்குது?

சுருளி: ஒண்ணும் மாறலையே.

சின்னச்சாமி: அதான். இதைத் திருகுனா இஞ்சின் ஒண்ணு முனகணும், இல்ல குதிக்கணும். இது செவிடன் மாதிரி நிக்குது. நோவு இங்கதான்.

விருமாண்டி: மனுசக் கோளாறுதான?

சின்னச்சாமி: பின்ன என்ன, மாட்டுக் கோளாறா?

விருமாண்டி: இல்லய்யா, மனுசனால சரி பண்ணக்கூடிய கோளாறுதானான்னு...

சின்னச்சாமி: சேர்மன், வண்டி சும்மா நிக்கும்போது இஞ்சின் ஒரு சொட்டு ஒரு சொட்டாக் குடிச்சு உசுரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். அதுக்கு ஒரு தனி வழி. அந்த வழியில மிளகு அளவுல ஒரு பித்தளைச் சாமான் இருக்கு, ஐட்லிங் ஜெட்டுன்னு பேரு. நடுவுல தலைமுடி போற மாதிரி ஒரு ஓட்டை. அது அடைச்சிருச்சு, அம்புட்டுத்தான்.

விருமாண்டி: மிளகு அளவா? ஒரு மிளகா என்னை முப்பது நாளா...

சின்னச்சாமி: முப்பது நாளா நிக்குதா? அப்பவே கொண்டாந்திருக்கலாமே. அவசரம்னா வேற டாக்சி பிடிச்சுப் போங்க. நாளைக்குச் சாவகாசமாப் பார்த்துத் தாரேன்.

விருமாண்டி: வேற வண்டி கூடாது.

சின்னச்சாமி: ஏன்?

விருமாண்டி: கௌரவம்.

சுருளி: அண்ணே, சொல்லிருவோம்ணே. டாக்டர்ட்டயும் வக்கீல்ட்டயும் மறைக்காத மாதிரித்தான் இதுவும்.

விருமாண்டி: சொல்லாத.

சுருளி: மேஸ்திரி, எங்க ஊருக்கு மேலக்கால் ரோட்டுல திரும்புற இடத்துல வாய்க்கால் பாலம் இருக்குல்ல... பாலத்துக்கு அந்தப் பக்கம் கருப்பசாமி கோயில்.

சின்னச்சாமி: ஆமா, பெரிய அரிவா நட்டிருக்கும்.

சுருளி: அந்தக் கருப்பு முன்னால, ஊர் கூடியிருக்க, இவரு சூடத்தை அடிச்சு அணைச்சு சத்தியம் செஞ்சாரு. மலையம்மா வீட்டுக்கும் இவருக்கும் ஒரு பொதுக் கிணறு. அது பொது இல்ல, இவரு அப்பன் தனியா வெட்டுனதுன்னு.

சின்னச்சாமி: மலையம்மா யாரு?

சுருளி: இவரு பங்காளி பெண்டாட்டி. புருசன் போயி ரெண்டு வருசம். வெத்தலைக் கொடிக்கா வச்சிருக்கு. கிணத்துத் தண்ணி இல்லைன்னா வெத்தலை அம்புட்டும் கருகிரும்.

விருமாண்டி: அது நீதிக்கும் அநீதிக்கும் நடக்கிற...

சின்னச்சாமி: இருங்க சேர்மன். மூடநம்பிக்கை ஒழிப்புன்னு போன மாசம் இதே காளவாசல்ல மைக் பிடிச்சுப் பேசுனீங்களே. அப்புறம் கருப்பு முன்னால சத்தியம் எதுக்கு?

விருமாண்டி: ஊர்ப் பழக்கத்துக்கு மரியாதை கொடுப்பது ஜனநாயகம்.

சுருளி: எங்க ஊர்ல சத்தியம் செஞ்சா முப்பது நாள் கெடு மேஸ்திரி. அதுக்குள்ள செஞ்சவனுக்கு ஒண்ணும் ஆகலைன்னா சத்தியம் மெய். கிணறு அவனுக்கு. ஏதாச்சும் ஆச்சுன்னா...

சின்னச்சாமி: ஆச்சா?

சுருளி: வண்டி நின்னுச்சு. சரியாக் கருப்பு முன்னால. ஒருக்க இல்ல, ரெண்டு தடவை.

சின்னச்சாமி: அட!

சுருளி: ஊரே பேச ஆரம்பிச்சிருச்சு. இவரு சும்மா இருந்திருக்கலாம். டீக்கடையில வச்சு மார்ல தட்டி, "முப்பதாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்கடா. கருப்பு முன்னால சூடத்தைக் கொளுத்துங்க. அது எரிஞ்சு அணையிற வரைக்கும் என் வண்டி உறுமிக்கிட்டே நிக்கும். நின்னுபோச்சுன்னா கிணத்துல பாதி மலையம்மாளுக்கு"ன்னுட்டாரு.

விருமாண்டி: உணர்ச்சி வேகத்தில் வந்த சொல்.

சின்னச்சாமி: இன்னைக்கு எத்தனாவது நாள்?

சுருளி: முப்பது.

சின்னச்சாமி: சரிதான். கை விளக்கை இப்படிப் பிடி. ஜெட்டைக் கழட்டுறேன். ஆனா ஒண்ணு கேக்கணும். வழியெல்லாம் மெதுவாக்குற இடம் இருக்கு. கோச்சடை கடைவீதி இருக்கு, மாடு வருது, பஸ் வருது. அங்கெல்லாம் நிக்காம கருப்பு முன்னால மட்டும் ஏன் நின்னுச்சு?

விருமாண்டி: அதைத்தான்யா நானும் ராத்திரியெல்லாம் கண்ணை முழிச்சுக்கிட்டு... அதாவது, யோசித்தேன்.

சுருளி: மத்த இடத்துல நான் காலை எடுக்காமச் சமாளிச்சுருவேன். கருப்பு முன்னால மட்டும்... ரெண்டு கையும் எடுத்துக் கும்பிடுவேன். கை மேல போறப்ப காலும் தன்னால மேல வந்துருது.

விருமாண்டி: ஏன்டா, இதை ஒரு மாசமா ஏன் சொல்லல?

சுருளி: நீங்க கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்கண்ணே.

சின்னச்சாமி: வந்துருச்சு... இந்தா. வெயிலுக்கு நேராப் பிடிச்சுப் பார்க்கணும். நல்ல ஜெட்டுன்னா ஊசி முனை மாதிரி வெளிச்சம் தெரியும். நீங்களே பாருங்க சேர்மன்.

விருமாண்டி: நீயே பாரு. எனக்குக் கண்ணாடி இல்ல.

சின்னச்சாமி: இருட்டு. கெட்டியா அடைச்சிருக்கு. என்ன இது... துரு இல்ல. மண்ணும் இல்ல. வெள்ளையா, மாவு மாதிரி. மாப்ள, கார்பரேட்டர் தொட்டிக்குள்ள விரலை விட்டுப் பாரு.

சுருளி: இல்ல மேஸ்திரி, நீங்களே...

சின்னச்சாமி: எல்லாரும் என்னையே விடச் சொல்லுங்க. இதோ... அடியில வண்டல் மாதிரி படிஞ்சு கெடக்கு. இதை எங்கயோ... பெட்ரோல் வாடையையும் தாண்டி ஒரு வாசம் வருதே. சேர்மன், இது விபூதி.

விருமாண்டி: விபூதியா? அபாண்டம்!

சின்னச்சாமி: பெட்ரோல் டேங்குக்குள்ள யாரோ விபூதியைக் கொட்டியிருக்காங்க.

விருமாண்டி: எதிரிகள்! இது அரசியல் சதி. என் வளர்ச்சி பிடிக்காதவர்கள்...

சின்னச்சாமி: எதிரி மண்ணைக் கொட்டுவான், சீனியைக் கொட்டுவான். விபூதி கொட்டுறவன் எதிரி இல்ல சேர்மன். வேண்டியவன்.

சின்னச்சாமி: ரெண்டு பேரும் ஏன் என் மூஞ்சியைப் பார்க்கிறீங்க? எம்புட்டு கொட்டுனதுன்னு தெரிஞ்சாத்தான் டேங்கைக் கழட்டணுமா, வடிச்சா மட்டும் போதுமான்னு சொல்ல முடியும். சாயங்காலம் அஞ்சு மணி. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.

விருமாண்டி: ஒரு... பொட்டலம்.

சின்னச்சாமி: யாரு?

விருமாண்டி: சத்தியம் செஞ்ச மறுநாள். விடியறதுக்கு முன்னாடி. பூசாரிட்ட வாங்கி... ஒரே ஒரு பொட்டலம். கருப்போட விபூதி வண்டிக்குள்ளயே இருந்தா அவனே நமக்குக் காவலா இருப்பான்னு... யோவ், வெளிய சொல்லிறாதய்யா. மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டுக்கு என்னைத்தான் தலைமை தாங்கக் கூப்பிட்டிருக்காங்க.

சின்னச்சாமி: ஒரு பொட்டலத்துக்கு இம்புட்டு வண்டல் வராதே.

சுருளி: நானும் ஒண்ணு போட்டேன்.

விருமாண்டி: நீ ஏன்டா போட்ட?

சுருளி: சத்தியம் நீங்க செஞ்சீங்க, சாட்சி யாருண்ணே சொன்னது? "அந்தக் கிணறு தனியா வெட்டுனதைக் கண்ணால பார்த்தேன்"னு கருப்பு முன்னால சொன்னவன் நான்தான. கிணறு வெட்டும்போது எனக்கு வயசு மூணு. அன்னைக்கு ராத்திரியில இருந்து ரெண்டு கண்ணும் துடிக்குதுண்ணே. கருப்பு முதல்ல டிரைவரைப் பிடிச்சா வண்டியில இருக்கிற அத்தனை பேருக்கும் ஆபத்துன்னு பொதுநலமா...

சின்னச்சாமி: நல்லா இருக்குய்யா உங்க கூத்து. கருப்பு வண்டியை நிறுத்தல. நீங்க ரெண்டு பேரும் கருப்புக்குப் பயந்து போட்ட விபூதி நிறுத்தியிருக்கு. நைசு விபூதி, பில்டர் வலையில நிக்காது. இருக்கிறதுலயே சின்ன ஓட்டையா தேடிப் போயி அடைச்சிருக்கு.

சுருளி: அப்ப ஊதிவிட்டா சரியாயிருமா?

சின்னச்சாமி: ஏற்கெனவே எவனோ குத்தியிருக்கான். ஓட்டை ஓரம் பிய்ஞ்சிருக்கு பாரு. ஊக்கா?

சுருளி: வழியில நின்னப்ப... சட்டை ஊக்கை வச்சு நான்தான்...

சின்னச்சாமி: போச்சு. ஜெட்டு ஓட்டையில இரும்பு படவே கூடாது. அடைப்பை எடுத்தா இப்ப கண்டபடி குடிக்கும், அதுலயும் நிக்கும். மாத்தித்தான் ஆகணும். என் சைக்கிளை எடுத்துக்க. வடக்கு வெளி வீதிக்குப் போ. இதே ஜெட்டு, தலையில அம்பதுன்னு நம்பர் வெட்டியிருக்கும். அதே நம்பர் வாங்கு. வேற நம்பர் தந்தா வாங்காத.

சுருளி: இந்தா வந்துட்டேன்.

விருமாண்டி: சுருளி... பாலத்துல... ரயில்வே பாலத்துல பார்த்துப் போடா. மெதுவாப் போ. இல்ல, வேகமாப் போ. சட்டுனு வா.

*

சின்னச்சாமி: உட்காருங்க சேர்மன். டேங்க் வடியட்டும். இப்ப சந்தோசம்தான? கருப்பு இல்ல, வெறும் வண்டல்னு தெரிஞ்சுபோச்சு.

விருமாண்டி: ம்.

சின்னச்சாமி: என்ன ம்? முகம் முன்னைக்கு இப்பத்தான் வெளுத்துக் கெடக்கு.

விருமாண்டி: மேஸ்திரி... ரெண்டு தடவை வண்டி நின்னது கருப்பு இல்லைங்கிற.

சின்னச்சாமி: இல்ல.

விருமாண்டி: நிச்சயமா?

சின்னச்சாமி: ஜெட்டை உங்க முன்னாலதான கழட்டுனேன்.

விருமாண்டி: அப்ப கருப்பு இன்னும் ஒண்ணுமே செய்யல.

சின்னச்சாமி: ஆமா, அதான் சொல்றேன்...

விருமாண்டி: அதைத்தான்யா நானும் சொல்றேன்! ஒண்ணுமே செய்யல. வண்டி நின்னப்ப பயந்தேன்தான், ஆனா உள்ளுக்குள்ள ஒரு ஆறுதல். சரி, கருப்பு நம்மளை வண்டியோட விட்டுட்டான். மானம் போனாப் போகுது, வண்டியோட கணக்கு தீர்ந்துச்சுன்னு இருந்தேன். அது இல்லைன்னா... எதுக்குக் காத்திருக்கான்?

சின்னச்சாமி: இப்படி ஒரு பக்கம் இருக்கோ.

விருமாண்டி: இன்னைக்குக் கடைசி நாள். இன்னும் நாலு மணி நேரம் இருக்கு.

சின்னச்சாமி: சத்தியத்துல என்ன சொன்னீங்க? "பொய்னா என் கண்ணு போகட்டும்" அப்படியா?

விருமாண்டி: கண்ணுன்னு சொல்லியிருந்தா ஒரு கண்ணாவது மிஞ்சும். கூட்டம் நிறைய இருந்துச்சு. கூட்டத்தைப் பார்த்தா எனக்கு வாய் நிக்காது. யாரும் கேக்கவே இல்ல, நானாச் சொன்னேன். "இது பொய்யென்றால், எனக்குப் பின்னால் என் வீட்டில் ஒரு விளக்கு எரியக் கூடாது"ன்னு. கை தட்டுனாங்கய்யா.

சின்னச்சாமி: வீட்டுல யாரு?

விருமாண்டி: மக பாண்டியம்மா. ஒண்ணே ஒண்ணு. தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கு. மாசம் முடிஞ்சுபோச்சு. காலையில இடுப்பு லேசா வலிக்குதுன்னுச்சு.

சின்னச்சாமி: சேர்மன்... அந்தக் கிணறு. உண்மையிலயே தனியா வெட்டுனதா?

விருமாண்டி: எங்க அப்பனும் மலையம்மா மாமனாரும் சேர்ந்துதான் வெட்டுனாங்க. கடப்பாரை ஒருத்தரு, கூடை ஒருத்தரு.

சின்னச்சாமி: அப்ப போயி, "நான் சொன்னது பொய், பாதி உன் கிணறு"ன்னு அந்தம்மாட்ட சொல்லிட்டு வாங்க. ஜெட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்.

விருமாண்டி: என்னய்யா பேசுற? விருமாண்டி பொய் சொன்னான்னு விருமாண்டியே சொல்றதா? இருபதாண்டுப் பொதுவாழ்வு!

சின்னச்சாமி: அதுவும் சரிதான்.

*

சின்னச்சாமி: இப்ப போடு மாப்ள. புது ஜெட்டு, புதுப் பெட்ரோல். காலை எடு.

சுருளி: எடுத்துட்டேன் மேஸ்திரி.

சின்னச்சாமி: கேளுங்க சேர்மன்! செல்லூர்ல தறி ஓடுற மாதிரி ஒரே தாளம். பானட் மேல டம்ளர்ல தண்ணி வச்சா அலுங்காது.

விருமாண்டி: நிக்காதா?

சின்னச்சாமி: நிக்காது.

விருமாண்டி: தானா நிக்கிறதுக்கு... ஒரு சின்ன வாய்ப்புக்கூட?

சின்னச்சாமி: என்னய்யா இது, நல்லா ஓடுதுன்னா அழுவுறாப்ல கேக்குறீங்க? காளவாசல்ல சின்னச்சாமி கை வச்ச வண்டி நடுவழியில நின்னதா சரித்திரம் இல்ல. அந்தக் கருப்பே இறங்கி வந்து முன்னால நின்னாலும் இஞ்சின் நிக்காது. எழுதித் தரட்டுமா?

விருமாண்டி: அப்ப நீயும் கூட வா.

சின்னச்சாமி: நான் எதுக்கு?

விருமாண்டி: நிக்காதுன்னா வர்றதுக்கு என்ன பயம்?

சின்னச்சாமி: பயமா? எனக்கா? மாப்ள, அந்த ஸ்பானர் பையை எடுத்து வை. கையைக் கழுவிட்டு வாரேன்.

*

சுருளி: பாலம் வந்துருச்சுண்ணே.

விருமாண்டி: தெரியுது. ஜனம் எம்புட்டு?

சுருளி: ஊர் பூராவும் நிக்குது. மரத்துலயும் ஏறியிருக்காங்க.

விருமாண்டி: மலையம்மா?

சுருளி: வாய்க்கா கரையில. வெறும் வாளியைக் கையில வச்சுக்கிட்டு நிக்குது.

விருமாண்டி: வீட்டுல இருந்து யாரும் வந்திருக்காங்களா? பாண்டியம்மாளைப் பத்தி ஏதாச்சும்...

சுருளி: யாரையும் காணோம்ணே.

விருமாண்டி: காணோம்னா நல்லதா கெட்டதா?

சின்னச்சாமி: நல்லதுதான் சேர்மன். கண்ணைத் திறங்க. நேரா கருப்பு முன்னால நிறுத்து மாப்ள. நியூட்ரல் போடு. காலை எடு. கையைத் தூக்கிக் கும்பிடுறதுன்னாலும் கும்பிடு, இப்ப ஒண்ணும் ஆகாது.

சுருளி: எடுத்துட்டேன்.

சின்னச்சாமி: பார்த்தீங்களா? தறி! தறி!

விருமாண்டி: கத்தாதய்யா. அரிவாளைப் பார்த்தியா... போன தடவை இம்புட்டு பெருசா இல்லையே.

சுருளி: பூசாரி சூடத்தை வச்சுட்டாருண்ணே. எலுமிச்சம்பழம் தண்டி இருக்கு.

விருமாண்டி: அம்புட்டா? ஒரு வில்லை போதுமேடா!

சுருளி: கொளுத்திட்டாரு.

விருமாண்டி: எரியுதா?

சுருளி: நல்லா எரியுது.

விருமாண்டி: இஞ்சின்?

சின்னச்சாமி: ஓடுது.

விருமாண்டி: சுருளி...

சுருளி: ம்.

விருமாண்டி: இன்னும் எரியுதா?

சுருளி: பாதி ஆயிருச்சுண்ணே.

சின்னச்சாமி: இன்னும் ஒரு நிமிசம். கிணறு உங்க கிணறு. நானும் எத்தனையோ வண்டி பார்த்திருக்கேன், ஆனா இப்படி ஒரு ஐட்லிங்... கேளுங்க, கேளுங்க... கேளு... ஏய்! என்ன?

சுருளி: நின்னுபோச்சு.

சின்னச்சாமி: எப்படிடா நிக்கும்?

சுருளி: நின்னுபோச்சு மேஸ்திரி.

சின்னச்சாமி: சூடம்?

சுருளி: எரியுது.

சின்னச்சாமி: ஆத்தி! சேர்மன், நான் ஒரு தப்பும் பண்ணல. அம்பது நம்பர் ஜெட்டு, டேங்கை மூணு தடவை அலசுனேன்... சேர்மன்? எங்க இறங்குறீங்க?

விருமாண்டி: வழியை விடுய்யா... ஊர்ப் பெரியோர்களே! தாய்மார்களே! பார்த்தீர்கள். என் வண்டி நின்றுவிட்டது. நேற்று வாங்கிய பெட்ரோல் அல்ல, இன்று வாங்கிய பெட்ரோல். பழைய ஜெட் அல்ல, புதிய ஜெட். ஆயினும் நின்றது! தெய்வத்தின் தீர்ப்புக்குத் தலை வணங்கும் பண்பு எனக்கு உண்டு. அந்தக் கிணற்றில் சரி பாதியை, என் சகோதரி மலையம்மாளுக்கு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, மனமுவந்து...

*

சின்னச்சாமி: மனமுவந்தாம். என்னமா கை தட்டுறாங்க பாரு. அட, மாலை வேற போடுறாங்க!

சுருளி: அது கருப்புக்குக் கொண்டாந்த மாலை.

சின்னச்சாமி: அந்தம்மா மட்டும் கை தட்டல. வாளியை எடுத்துக்கிட்டு நேரா கிணத்துப் பக்கம் போகுது... மாப்ள, மிச்சம் விபூதி ஏதும் வச்சிருக்கியா?

சுருளி: எதுக்கு மேஸ்திரி?

சின்னச்சாமி: நெத்தியில பூச. "கருப்பே வந்தாலும் நிக்காது"ன்னு வாய்க்கொழுப்பெடுத்துச் சொன்னது நான்தான. அவரு கிணத்தைக் குடுத்துத் தப்பிச்சுட்டாரு. நான் எதைக் குடுக்கிறது? ஸ்பானர் பிடிக்கிற கைய்யா இது. இது போனா பொழப்பு போச்சு. ரெண்டு பொம்பளைப் பிள்ளை இருக்கு வீட்டுல.

சுருளி: பயப்படாதீங்க.

சின்னச்சாமி: பயப்படாம? கண்ணு முன்னால நின்னுச்சே! அந்த பானட்டை நான் தொட மாட்டேன். காளவாசல் வரைக்கும் நடந்தே போயிருறேன். நாளைக்கு வந்து ஒரு கெடா நேந்துக்கிறேன்...

சுருளி: மேஸ்திரி, சத்தம் போடாதீங்க. குனிஞ்சு இங்க பாருங்க. சாவியை.

சின்னச்சாமி: சாவிக்கு என்ன?

சுருளி: ஆஃப்ல இருக்கு.

சின்னச்சாமி: ...நீயா?

சுருளி: நான்தான்.

சின்னச்சாமி: அடப்பாவி! உனக்குச் சோறு போடுற மனுசனை ஊர் முன்னால கவுத்துட்டியேடா. சேர்மனுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாரே!

சுருளி: அவருதான் மேஸ்திரி சொன்னாரு. நீங்க பட்டறையில கை கழுவப் போனப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "பொய் சொன்னேங்கிறது என் வாயில வராதுடா சுருளி. சின்னச்சாமி வேற வண்டியை நல்லாப் பண்ணித் தொலைச்சுட்டான், இனிமே கருப்பு நினைச்சாலும் நிக்காது. நீதாண்டா நிறுத்தணும்"னு.